காந்தப் பெட்டியில் ஐஷேடோ வில்லைகள்: எப்படி அடுக்குகிறீர்கள்?

முத்தியால்பேட்டையிலிருந்து, மணப்பெண் மேக்கப் செய்பவர்

போன தை மாதம் வில்லியனூர் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு. இரண்டு மணிக்கே பெண்ணை உட்கார வைத்தாயிற்று. மணமகள் அறையில் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் பெண்ணின் முதுகுப்பக்கம். பெட்டியைத் திறந்தேன். அடியில் காந்தம் வைத்த பெட்டி அது, அழுத்திய ஐஷேடோ பவுடர் இருக்கும் சின்ன உலோகத் தட்டுகளை, அதாவது வில்லைகளை, பிடித்துக்கொள்ளும். முப்பத்தைந்து வில்லைகள், வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பு வரை ஒன்றுக்கடுத்து ஒன்றாக நிற வரிசையில் இருந்தன. வீட்டு ஜன்னலோரம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்த வரிசை. அந்த வெளிச்சத்தில் நான்கு பழுப்பும் ஒன்றாகவே தெரிந்தன. செங்கல் நிறம் என்று நினைத்து ஊதா கலந்த பழுப்பைத் தொட்டுவிட்டேன். கண் மடிப்பில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அரக்குக் கூரைப்புடவைக்குப் பக்கத்தில் அந்த நிறம், கண்ணில் அடிபட்டதுபோல இருந்தது. துடைத்து, அடிப்பூச்சு போட்டு, மறுபடி ஆரம்பிக்க இருபது நிமிடம் போயிற்று. பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாசலில் நின்று மணி பார்த்துக்கொண்டே இருந்தார். அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

மறுநாள் எல்லா வில்லைகளையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். தனித்தனி வில்லையாக வாங்குவதன் பயனே அதுதானே, கம்பெனி அடுக்கித் தந்த வரிசையில் நாம் வேலை செய்ய வேண்டியதில்லை. அப்படியிருக்க, நானே ஏன் கடை ஷோகேஸ் மாதிரி நிற வரிசையில் வைத்திருந்தேன் என்று யோசித்தேன். என் கை அந்த வரிசையில் போவதில்லை. கை போகும் வரிசை வேறு.

இப்போது இடமிருந்து வலமாக வேலையின் வரிசை. முதலில் இமை முழுக்கப் போகும் அடிநிறம், அடுத்தது மடிப்புக்கு, அப்புறம் வெளி ஓரத்துக்கு அடர்நிறம், பிறகு இமை நடுவுக்குப் பளபளப்பு, கடைசியில் உள்மூலைக்கு வெளிச்சம். மேலிருந்து கீழாகப் புடவை. முதல் வரிசை அரக்கு, மெரூன். இரண்டாவது மாம்பழ மஞ்சள், சந்தனம். மூன்றாவது மயில்கழுத்தும் பச்சையும். நான்காவது ரிசப்ஷனுக்கான ரோஸ், லாவண்டர். புடவையைப் பார்த்ததும் எந்த வரிசை என்று தெரிந்துவிடும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் மூன்றாவது இடத்தில் இருப்பது ஓரத்து நிறம்தான்.

முதல் இரண்டு வரிசைகளிலும் பழுப்பும் செங்கல்லும் அதிகம் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் மாநிறத்தில் வெளிர் ரோஸை நேராக வைத்தால் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிடும். கீழே ஒரு சூடான பழுப்பு இருந்தால்தான் மேலே போடும் நிறம் நிற்கும். அந்த மேட், அதாவது பளபளப்பில்லாத, பழுப்புகளுக்குப் பெரும்பாலும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. ஆரோவில் போகிற வழியில் பார்க்கிற செம்மண்ணின் சிவப்புக்கும் அதுவே காரணம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த வில்லைகள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அளவு பற்றி ஒன்று. மேக், கலர்பாப் போன்ற பிராண்டுகளின் வட்ட வில்லைகள் 26 மில்லிமீட்டர் விட்டம். என் பெட்டியின் உட்புறம் 21 சென்டிமீட்டருக்கு 13.5. கணக்குப்படி எட்டுக்கு ஐந்து, நாற்பது வில்லை கொள்ளும். ஆனால் அப்படி நெருக்கி வைத்தால் நகம் நுழைய இடமில்லை. ஒன்றை எடுக்கப் போய் பக்கத்து வில்லையில் நகம் குத்தும். நான் இருபதோடு நிறுத்திவிட்டு, வலது பக்கம் ஒரு பட்டை இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். அன்றன்றைக்கு வேண்டிய கூடுதல் வில்லைகள் அங்கே உட்காரும்.

உங்கள் பெட்டி எப்படி, எங்கே சறுக்கியது, சொல்லுங்கள். எனக்கு இன்னும் தீராத ஒரு பிரச்சினை: பின்பக்கம் பெயர்ச் சீட்டு ஒட்டினால் வில்லை வழுக்குகிறது.

கடலூரிலிருந்து, தென்பெண்ணைக் கரைப் பக்கம்

அக்கா, அந்தச் சீட்டுப் பிரச்சினை எனக்கும் இருந்தது. நான் சீட்டை உரித்துவிட்டு மார்க்கரால் எண் எழுதினேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் எண் போய்விட்டது. சரி என்று ஊசியால் கீறி எழுதினேன். பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு மாதத்தில் ஒவ்வொரு எண்ணும் துருவாக மாறிவிட்டது. வில்லைத் தகரத்தின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சுதான் இருக்கிறது, கீறினால் உள்ளே இருக்கும் இரும்பு வெளியே வந்துவிடும். கடற்காற்று மீதியைப் பார்த்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பிக்கே வருடத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்கிறோம், இந்தத் தகடு எம்மாத்திரம்.

இப்போது செய்வது இது. ஊசியால் சின்னதாக எண் கீறல், உடனே அதன்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, விளிம்பைச் சுற்றியும் ஒரு பூச்சு. முழுக்கக் காய்ந்த பிறகே பெட்டியில் வைப்பேன். எண்ணுக்கு என்ன நிறம், எப்போது வாங்கியது, பேட்ச் எண், காலாவதித் தேதி என்பதெல்லாம் ஒரு நோட்டில். வில்லையை டப்பாவிலிருந்து பெயர்த்துவிட்டால் டப்பாவில் அச்சடித்த தேதியும் குப்பைக்குப் போய்விடும், அதனால் பெயர்ப்பதற்கு முன்பே எழுதிக்கொள்வது நல்லது. டப்பாவில் இருக்கும் திறந்த ஜாடி படத்துக்குள் 24 என்று போட்டிருந்தால் திறந்ததிலிருந்து இருபத்து நான்கு மாதம். அந்த எண்ணையும் எழுதிவைப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அதற்கு அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு. மேக்கப் பெட்டி பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. அட்டையால் செய்த பேலட், அதாவது நிறப்பெட்டி, ஊறிப் புத்தகம்போல விரிந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பதினோரு வில்லைகள் மேலே நன்றாகவே இருந்தன. தூசியைத் தட்டிக் காயவைத்தால் பயன்படும் என்று அம்மாகூட சொன்னார். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருந்தது. கண்ணில் வைக்கிற பொருள், அதனால் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கியவை. அழுகை வந்தது.

இப்போது தகர பிஸ்கட் டப்பாவில், மேல்தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வைத்திருக்கிறேன்.

அரியாங்குப்பத்திலிருந்து, பேனர் கடை வைத்திருப்பவர்

என் மனைவி மேக்கப் செய்கிறார், நான் எழுதுகிறேன். காந்தத் தாள் எங்கள் கடையில் தினமும் புழங்குவது. காரில் ஒட்டும் போர்டுக்கும் ஃபிரிட்ஜ் ஸ்டிக்கருக்கும் இதைத்தான் வெட்டுகிறோம். ரப்பரில் ஃபெரைட் என்ற காந்தத் தூளைக் கலந்து செய்த தாள். இதை அடியில் ஒட்டிச் சொந்தமாக வில்லைப் பெட்டி செய்பவர்கள் மூன்று விஷயம் கவனித்தால் போதும்.

ஒன்று, தாளுக்குப் பக்கம் உண்டு. வெள்ளை பிளாஸ்டிக் ஒட்டிய பக்கம் பிரின்ட் எடுக்க, கறுப்புப் பக்கத்தில்தான் பிடிப்பு முழுசாக இருக்கும். என் மனைவி முதல் தடவை வெள்ளை அழகாக இருக்கிறது என்று அதை மேலே வைத்து ஒட்டிவிட்டார். வண்டியில் அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் வில்லைகளெல்லாம் ஒரு மூலைக்கு வந்துவிட்டன. அடுத்தது கனம். மெல்லிய தாள் ஃபிரிட்ஜ் ஸ்டிக்கருக்குச் சரி. பெட்டிக்கு அதைவிடக் கனமானதைக் கேளுங்கள், கார் போர்டுக்கு வெட்டும் தாள் நன்றாகப் பிடிக்கிறது. மூன்றாவது, முத்தியால்பேட்டை அக்கா கேட்டதற்குப் பதில்: இந்தத் தாளின் இழுவை மிகக் கிட்டத்தில் மட்டும்தான். காகிதம் ஒன்று இடையில் வந்தாலே குறையும். அதனால்தான் சீட்டு ஒட்டினால் வழுக்குகிறது. நெயில் பாலிஷ் மெல்லிய பூச்சாக இருந்தால் தெரியாது, இரண்டு மூன்று தடவை அப்பினால் அதுவும் அதே கதைதான்.

சின்ன வெள்ளிநிறக் காந்த வில்லைகளை அடியில் ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். நியோடிமியம் என்று சொல்வார்கள். பிடிப்பு பயங்கரமாக இருக்கும். ஆனால் எடுக்கும்போது கத்தி வைத்து நெம்ப வேண்டியிருக்கும், தகடு வளையும், அழுத்திய பவுடர் விரிந்து உதிர்ந்துவிடும். என் மனைவியின் தங்கநிற வில்லை அப்படித்தான் போயிற்று. அந்தக் காந்தத்தின் மேல்பூச்சு உரிந்தால் நம் ஊர்க் காற்றில் அதுவும் துருப்பிடிக்கும். ஃபெரைட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

லாசுப்பேட்டையிலிருந்து, கல்லூரி மாணவி

என்னிடம் மொத்தமே ஒன்பது வில்லைதான், ஆனால் ஒன்பதும் டப்பாவிலிருந்து நானே பெயர்த்தவை. ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் தட்டின் மேல் பட்டர் பேப்பர் போட்டு, டப்பாவின் அடிப்பாகத்தை மூன்று நான்கு நிமிடம் வைத்தால் பிளாஸ்டிக்கும் பசையும் இளகும். அடியிலிருந்து ஊக்கால் தள்ளினால் வில்லை மேலே வரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிளாஸ்டிக் வாடை தலைவலி தரும். அப்புறம் மிச்சப் பசையை ஸ்பிரிட்டால் துடைக்கலாம், ஆனால் ஸ்ட்ரெய்ட்னரை அணைத்து ஆறவிட்ட பிறகு, வேறு இடத்தில். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும்.

நான் சறுக்கியது அடுத்த கட்டத்தில். காந்திவீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு காலிப் பெட்டி வாங்கி வந்து வில்லைகளை வைத்தால், நான்கு மட்டும் ஒட்டவே இல்லை. பெட்டிதான் போலி என்று நினைத்தேன். பிறகு ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், அந்த நான்கும் அலுமினியம். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. பால் பவுடர் டின் மூடியிலிருந்து சின்ன வட்டமாக வெட்டி அடியில் ஒட்டியதும் சரியாகிவிட்டது. வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், உரசித் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள்.

உதிர்ந்துபோன ஒன்றையும் காப்பாற்றினேன். முழுக்கப் பொடியாக்கி, மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டுக் குழைத்து, மேலே டிஷ்யூ வைத்து ஐந்து ரூபாய் நாணயத்தால் அழுத்தினேன். ஒரு ராத்திரி மூடாமல் காயவிட வேண்டும். மேட் நிறம் பழையபடி வந்துவிட்டது. ஷிம்மர், அதாவது பளபளப்பு நிறம், கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, பார்லர் நடத்துபவர்

பதினாறு வருடமாகத் தொழிலில் இருக்கிறேன். அடுக்குவது பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், நான் தனி வில்லையின் வேறொரு பயனைச் சொல்கிறேன்.

ஒரு மழைக்காலம், ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. வளைகாப்புக்கு வந்த பெண்ணுக்கு மேக்கப் போட்டு முடித்தேன். அடுத்த நாள் போன் வந்தது, அந்தப் பெண்ணுக்குக் கண் சிவந்து பீளை தள்ளுகிறது என்று. எந்தெந்த நிறம் தொட்டேன் என்று எனக்கு ஞாபகம் இருந்தது, ஏனென்றால் நான் பிரஷை நேராக வில்லையில் தொடுவதில்லை. ஸ்பேட்டுலாவால் ஸ்டீல் தட்டில் சுரண்டிப் போட்டுத்தான் எடுப்பேன். அன்றைக்கு மட்டும் அவசரத்தில் இரண்டு வில்லையில் பிரஷை நேரடியாக வைத்திருந்தேன். அந்த இரண்டையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். பிரஷ்களைக் கழுவினேன். ஒரே துண்டாக ஒட்டிய பேலட்டாக இருந்திருந்தால் பதினெட்டு நிறத்தையும் தூக்கிப் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மனசாட்சியை மூடிக்கொள்ள வேண்டும். மேலே ஸ்பிரிட் தெளித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அடுத்தவர் கண் விஷயத்தில் எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. கண் சிவந்து வருகிறவர்களுக்கு நான் கண் மேக்கப்பே போடுவதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

அப்புறம் கிளிட்டரைத் தயவுசெய்து தனிப் பெட்டியில் வையுங்கள். ஒரு துகள் மேட் வில்லையில் விழுந்தால் அது போகவே போகாது. கிரீம் நிறங்களையும் அப்படித்தான். கத்திரி வெயிலில் காரில் ஒரு மணி நேரம் இருந்தால் இளகிப் பக்கத்துப் பவுடரில் ஒட்டும்.

மறுபடியும் முத்தியால்பேட்டை

நேற்று இரவு உட்கார்ந்து எல்லாச் சீட்டையும் உரித்தேன். அடியில் ஊசி எண், மேலே ஒரே ஒரு பூச்சு பாலிஷ். காலையில் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக் குலுக்கினேன், ஒன்றும் அசையவில்லை. அரியாங்குப்பம் தம்பிக்கு நன்றி. பார்லர் அக்கா சொன்ன ஸ்டீல் தட்டையும் பையில் வைத்துவிட்டேன்.

கடலூர்த் தங்கை, அந்தப் பதினொன்றில் எந்த நிறங்கள் இருந்தன என்று நோட்டைப் பார்த்துச் சொல்லும்மா. என்னிடம் ரோஸ் வரிசையில் இரண்டு உறை பிரிக்காமலே இருக்கின்றன, நான் இருபதோடு நிறுத்தியதில் வெளியே நிற்பவை. வரும் வெள்ளிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன், கையோடு எடுத்து வருகிறேன்.

கன்னத்துக்குப் போடும் பிளஷ் வில்லை வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 36 மில்லிமீட்டர், கனமும் அதிகம். கடலூர் ரோட்டு வேகத்தடையில் அது மட்டும் இன்னும் நகர்கிறது.