டைனமோ சுற்றியது யார்?

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஒரு கிழமையாக உதைபந்தாட்டக் கதை ஓடுகிறது. நானும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எந்த அணி எப்படிப் பிடித்தது என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளியிருக்கிறீர்கள். ரொறன்ரோவில் இருப்பவர்கள் பாதிப்பேர் பிரேசில். லண்டனில் இருப்பவர்கள் ஆர்சனல் என்கிறார்கள். அது ஹீத்ரோவில் இறங்கிய பிறகு பிடித்தது, நம்ம கணக்கில் வராது. நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் சங்கக்கடைக்குப் பக்கத்து வளவு அண்ணை போன கடிதத்தில் ஒரு வரி போட்டிருக்கிறார்: 1990 உலகக்கிண்ணத்தில் ஆர்ஜென்டீனாவும் இத்தாலியும் ஆடிய அரையிறுதியன்று, பற்றரி இல்லாத ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ சுற்றியது தான்தானாம். அண்ணை, குறை நினைக்கவேண்டாம். அன்று சுற்றியது நான்.

தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன், அப்போதுதான் இளையவர்களுக்கும் விளங்கும்.

1990 ஜூன் 8, வெள்ளிக்கிழமை. எனக்குப் பன்னிரண்டு வயது. நம்ம ஊரில் கரண்ட் இல்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்த உறவுக்காரர் வீட்டில் ரிவி இருந்தது. லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மெஷினின் பெட்டிக்குள் பதினைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். மாமாவும் வந்தார், அன்ரெனா திருப்ப. ஊரில் ரேடியோ, ரோச் லைற், மணிக்கூடு என்று எது பழுதானாலும் அவரிடம்தான் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் வேலை செய்யும்.

இரவு ஒன்பதரைக்கு ஆட்டம், ஆர்ஜென்டீனாவும் கெமரூனும். கறுப்பு வெள்ளை ரிவி. படம் முழுக்க மழை தூறுகிற மாதிரிப் புள்ளி. அந்தச் சாம்பல் நிறத்துக்குள் ஆர்ஜென்டீனாவை மட்டும் கண்டுபிடிக்க முடிந்தது, சட்டையில் கோடு இருந்ததால். எனக்கு அந்த அணி பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். மரடோனா, உலகச் சம்பியன் என்பதெல்லாம் பிறகு.

ஆட்டம் உங்களுக்குத் தெரியும். கெமரூனுக்கு ஒருவர் சிவப்பு அட்டை வாங்கிப் போய்ப் பத்துப் பேராக நிற்கும்போது, 67ஆம் நிமிடம் ஒமாம் பியிக் எழும்பித் தலையால் அடித்தார். பெரிய அடியும் இல்லை. கோல் காப்பாளர் பும்பிடோவின் கைக்குள் போன பந்து வழுக்கிக்கொண்டு உள்ளே உருண்டது. பிறகு ஆர்ஜென்டீனாவின் கனீஜியா ஓடிய ஓட்டத்தில் இரண்டு பேர் இடித்தும் விழாமல், மூன்றாவது ஆள் மோதித் தூக்கி எறிந்ததில் அடித்தவரின் சப்பாத்தே கழன்றது. அவரும் வெளியே. ஒன்பது பேர் நின்று சம்பியனை வென்றார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள், எங்கள் அக்கா அன்றிலிருந்து கெமரூன். எனக்கு அந்தக் கோடுச் சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு போனதுதான் மனதில் நின்றது. திரும்பி வரும்போது பெட்டிக்குள் எல்லோரும் கத்திக்கொண்டு வர, நான் ஒரு மூலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

மறு ஞாயிறு, திங்கள் சண்டை தொடங்கிவிட்டது. அதோடு ரிவியும் போச்சு, பரந்தனும் போச்சு. அந்த உலகக்கிண்ணத்தில் நான் கண்ணால் கண்டது அந்த ஒரு தோல்விதான். மிச்சமெல்லாம் காதால்.

கடைகளில் முதலில் பற்றரி மறைந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றதெல்லாம். மாமாவின் ரேடியோவுக்கு நாலு பற்றரி வேண்டும். பழசைப் பகலில் தகரக் கூரையில் காயப்போட்டு, சில நாள் சுடுதண்ணியில் அவித்து, இரவில் போடுவோம். அரை மணி, முக்கால் மணி உயிர் இருக்கும். அதைப் போராட்டச் செய்திக்கு வைப்பதா, பந்துக்கு வைப்பதா என்று வீட்டில் பெரிய வழக்கு. ஜூன் 24 பிரேசிலோடு ஆட்டம், பெரியவர்கள் செய்தியைக் கேட்டுவிட்டு மிச்சத்தைத்தான் எங்களுக்குத் தந்தார்கள். 81ஆம் நிமிடம் கனீஜியா அடித்தது கேட்டது. உடனே பற்றரி இறங்கிவிட்டது. வென்றார்களா என்பது மறுநாள் மத்தியானம்தான் தெரியும்.

இங்கிலீஷ் வாத்தியாரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அது சரியில்லை. சிற்றலையில் வந்த ஆங்கில வர்ணனையைத் தமிழாக்கிச் சொன்னது அவர். ரேடியோவுக்குள் சனம் கோல் என்று கத்தும்போது வாத்தியார் இன்னும் பந்தை நடு மைதானத்தில் வைத்துக்கொண்டிருப்பார். பேர்கள் அவர் வாயில் வேறு உருவம் எடுத்தன. கனீஜியா "கணேசையா" ஆனார். பும்பிடோ கால் முறிந்து போனதும் வந்த கோய்கொசேயாவை நாங்கள் "கொய்யாக்காய்" ஆக்கிவிட்டோம். அவருடைய வர்ணனையில் மரடோனா பந்தை எடுத்தால் மூன்று பேரையாவது வெட்டாமல் விடமாட்டார்.

சரி, ஜூலை 3க்கு வருகிறேன். அரையிறுதி, இத்தாலியோடு, நேப்பிள்ஸில். மரடோனா கழகத்துக்காக ஆடிய ஊர் அது. எங்கள் நேரம் இரவு பதினொன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. மாமா முதல் நாளே சைக்கிள் டைனமோவை ரேடியோவோடு பூட்டிச் சோதித்து வைத்திருந்தார். டைனமோவில் வருவது மாறிமாறி ஓடும் மின்சாரம், ரேடியோவுக்கு ஒரு பக்கமாக ஓடுவது வேண்டும் என்று சொல்லி நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் ஒரு சின்னப் பலகையில் ஒட்டியிருந்தார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில், பின் ரயரில் டைனமோ. ஒரு ஆள் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்றவேண்டும். கை தளர்ந்தால் ரேடியோக்காரன் குரல் கம்மிக் கரைந்து போகும். வேகமாகச் சுற்றினால் மாமா பேசுவார், உள்ளே எதுவோ எரிந்துவிடும் என்று. ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஆட்டுக்கல்லில் மா ஆட்டுகிற கை வேண்டும், அவ்வளவுதான்.

திண்ணையில் ஜாம் போத்தல் விளக்கு. ஹெலிச் சத்தம் கேட்டால் நூர்ப்பதற்கு ஆச்சி பக்கத்திலேயே இருந்தா. டைனமோ இரைச்சலில் ஹெலி வந்தாலும் கேட்காது என்று அவ முணுமுணுத்தது இப்போதும் காதில் இருக்கிறது.

முதல் பாதி, அவித்த பற்றரியில் போனது. ஸ்கிலாச்சி அடித்துவிட்டார், இத்தாலி முன்னுக்கு. இடைவேளைக்குப் பிறகு டைனமோ. அண்ணை, இங்கே உங்களுக்குரியதை ஒத்துக்கொள்கிறேன். கால் மணி நேரம் நீங்கள்தான் சுற்றினீர்கள். பிறகு நுளம்பு பிடுங்குகிறது என்று சாரத்தை உதறிக்கொண்டு எழும்பிவிட்டீர்கள். "டேய் சின்னவன், வந்து பிடி" என்று மாமா என்னைக் கூப்பிட்டார். நான் பிடித்துக் கொஞ்ச நேரத்தில் கணேசையா தலையால் அடித்துச் சமப்படுத்தினார், 67ஆம் நிமிடம். நான் பிடித்த பிறகு வந்த கோல். எழும்பிக் குதிக்கவும் முடியவில்லை, குதித்தால் ரேடியோ நின்றுவிடும். எல்லோரும் துள்ள, நான் குந்தியிருந்து சுற்றிக்கொண்டிருந்தேன்.

மேலதிக நேரம். முதல் பாதி பதினைந்து நிமிடம் என்று மனதில் எண்ணிக்கொண்டு சுற்றுகிறேன், முடியவே மாட்டேன் என்கிறது. வாத்தியாரும் குழம்பிப்போனார். பிற்பாடு சுவிசில் ஒரு பத்திரிகையில் படித்துத்தான் காரணம் தெரிந்தது: நடுவர் மணிக்கூட்டைப் பார்க்க மறந்து எட்டு நிமிடம் கூடுதலாக ஆட விட்டிருக்கிறார். அந்த எட்டு நிமிடமும் என் தோள்மூட்டில் இருக்கிறது.

பெனால்ரி வந்தபோது கை எனக்குச் சொந்தமில்லை. இடக்கை, வலக்கை என்று மாற்றி மாற்றிச் சுற்றினேன். மூன்று மூன்று என்று சமமாகப் போய், டொனடோனி அடித்ததைக் கொய்யாக்காய் பிடித்தார். அடுத்தது மரடோனா. முந்தின ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவோடு பெனால்ரியைத் தவறவிட்ட மனுஷன். வாத்தியார் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டார், வாயைத் திறந்தபடி இருந்தார். "கையை நிப்பாட்டாதை, கையை நிப்பாட்டாதை" என்று மாமா மட்டும் என் காதுக்குள். மரடோனா போட்டார். பிறகு செரேனா அடித்ததையும் கொய்யாக்காய் தடுத்தார். அப்போதுதான் பெடலை விட்டேன். ரேடியோ செத்துப்போனது. ஆச்சி உடனே விளக்கை நூர்த்துவிட்டு, படுங்கோ எல்லாரும் என்றா.

இறுதியாட்டம் ஜூலை 8, மேற்கு ஜேர்மனியோடு. அன்று சுற்றியது அண்ணைதான். 85ஆம் நிமிடம் பெனால்ரி, பிரேமே அடித்தார், தோற்றோம். இதை நான் இத்தனை வருடம் வெளியில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நம்ம கழகப் பெடியள் ஆர்ஜென்டீனாச் சட்டை தைத்த கதையைச் சிலர் தொட்டிருக்கிறீர்கள். தைக்கவில்லை. வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையை வாழைநாரால் வரிந்து கட்டி, உடுப்புக்குப் போடும் நீலத்தில் தோய்த்தோம். கோடு நேராக வரவில்லை, வரிக்குதிரை மாதிரி வந்தது. சவர்க்காரம் கிடைக்காத காலம், பனம்பழத்தால் தோய்க்கத் தோய்க்க வெள்ளை மஞ்சளாகப் போனது. மஞ்சளும் நீலமும் என்றால் அது எங்கள் சட்டை என்று பிரேசில்காரர் சொந்தம் கொண்டாடினார்கள். மாரியில் ஆடினால் எதிரணிக்காரனின் சட்டையும் நீலமாகும்.

1994ஐப் பற்றிப் பேச விருப்பமில்லை. மரடோனாவைப் போதைமருந்துச் சோதனையில் பிடித்து அனுப்பினார்கள், பிரேசில் கிண்ணத்தை எடுத்தது, ரொறன்ரோக்காரர் இன்றைக்கும் அதைத்தான் பாடுகிறார்கள். 1998இல் பாதி ஊர் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் இருந்தோம். கொழும்பில் புது நேரம், வன்னியில் பழைய நேரம், அரை மணி வித்தியாசம். இங்கிலாந்தோடு பெனால்ரியில் வென்றோம், நாலு நாள் கழித்து 90ஆம் நிமிடம் நெதர்லாந்தின் பேர்க்காம்ப் வந்து கதையை முடித்தார்.

2002இல்தான் வேடிக்கை. பாதை திறந்தாச்சு, ரிவி வந்தாச்சு, பற்றரியும் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. வாழ்க்கையில் முதன்முறையாக என் அணியை வசதியாக இருந்து பார்க்கப்போகிறேன் என்று ஜூன் 12 மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்தேன். சுவீடனோடு ஒன்றுக்கு ஒன்று. முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனார்கள். காதால் கேட்ட காலத்திலேயே நன்றாக ஆடினார்கள் என்றா மாமி.

அவ சொன்னது எவ்வளவு பொய் என்று பேர்னுக்கு வந்த பிறகு தெரிந்தது. 1990 ஆட்டங்களை யூரியூப்பில் தேடிப் பார்த்தேன். கண்றாவி. ஏழு ஆட்டத்தில் மொத்தம் ஐந்து கோல். இடித்து விழுத்தி, நேரத்தைக் கடத்தி, பெனால்ரி வரைக்கும் இழுத்து. மரடோனா காலை நொண்டிக்கொண்டு நிற்கிறார். வாத்தியாரின் மரடோனா வெட்டிய அந்த மூன்று பேரை எங்கும் காணவில்லை. எனக்குப் பிடித்த அணியில் பாதி அவர் வாயில் பிறந்தது. அதற்காக மாற முடியுமா?

வீட்டில் மகன் சுவிஸ். 2014இல் ஆர்ஜென்டீனாவும் சுவிசும் மோதியபோது ஒரே சோபாவில் இரண்டு பேரும். 118ஆம் நிமிடம் டி மரியா அடித்ததும் நான் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். பிள்ளை அழுதுகொண்டிருந்தான்.

2022 உலகக்கிண்ண இறுதி, ஆர்ஜென்டீனாவும் பிரான்சும், அன்று அதே சோபா. மூன்றுக்கு மூன்று, பிறகு பெனால்ரி. மனைவி கேட்கிறா, "என்னப்பா, கையை ஏன் இப்படிச் சுத்துறீங்கள்?" குனிந்து பார்த்தால் என் வலக்கை முழங்காலுக்குப் பக்கத்தில் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் மொன்ரியேல் கடைசிப் பெனால்ரியை அடித்து முடிக்கும் வரைக்கும் நான் நிறுத்தவில்லை. அண்ணை, இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வேண்டும் என்பீர்கள். ஆகவே நேற்று மாமாவுக்கே போன் எடுத்தேன். அவர் இப்போதும் ஊரில்தான்.

"மாமா, இத்தாலியோடை அடிச்ச அண்டைக்கு டைனமோ சுத்தினது நானோ அண்ணையோ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரேடியோ இரைஞ்சதோ?" என்றார்.

"இல்லை."

"அப்ப நாலு டயோட்டும் போட்ட பிறகுதான். ஒண்டோடை எண்டால் இரைஞ்சிருக்கும்."

"அது சரி மாமா, சுத்தினது ஆர்?"

"ஆர் சுத்தினால் என்ன, தேஞ்சது என்ர பின் ரயர். ரயர் இல்லாத காலம். ஒருத்தரும் இன்னும் வாங்கித் தரேல்லை."

அண்ணை, பாதிக் காசு உங்களுடையது.