பழத்துல ஊசித்துளை, உள்ளே புழு இல்லை: இந்த அந்து எங்கே குடியிருக்கு?

புளியங்குடி வேலி:
எலுமிச்சைத் தோட்டம், நடுவுல கொஞ்சம் கொய்யா. மஞ்சள் திரும்புற பழத்துல சின்னத் துளை விழுது. ரெண்டு மூணு நாள்ல அதைச் சுத்திப் பழுப்பா அழுகி உதிருது. அறுத்துப் பார்த்தா புழு கிடையாது. மரத்துக்கு மருந்தடிச்சும் நிக்கலை. ராத்திரி டார்ச் அடிச்சா பழத்துல பெரிய அந்து உட்கார்ந்திருக்கு. என்ன அண்ணாச்சி இது?

கடையம் தோட்டம்:
பழத்தை லேசா அமுக்குங்க. துளை வழியா சாறு பீச்சினா பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சிதான், யூடோசிமா இனம். முன்சிறகு காஞ்ச சருகு நிறம். விரிச்சா பின்சிறகு ஆரஞ்சு, அதுல கறுப்புக் குறி. உறிஞ்சுகுழல் நுனி கெட்டியா, முள்ளோட இருக்கும்; அதான் தோலையே துளைக்குது. அந்த வழியா பூஞ்சாணம் இறங்கி அழுகுது.

மரத்துக்கு அடிக்கிற மருந்து வீண். புழு எலுமிச்சை இலையைத் தொடாது. அது வளர்றது சீந்தில், கட்டுக்கொடியில. அந்து மட்டும் இருட்டினப்புறம் பழத்துக்கு வரும்.

சீந்தில்காடு:
வேலியிலயும் வேப்பமரத்துலயும் ஏறின சீந்தில் இலையைத் திருப்பிப் பாருங்க. கரும்பழுப்புப் புழு, பக்கவாட்டுல கண்ணு கண்ணா வட்டம். தொட்டா தலையை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கிக்கும். கூட்டுப்புழு இலையைச் சேர்த்துப் பின்னி உள்ளே இருக்கும்.

கொடியை நடுவுல வெட்டி விட்டுட்டுப் போகாதீங்க. மேலே தொங்குற தண்டு காத்துலயே வேர் விட்டு மண்ணுக்கு இறங்கிரும். முழுசா இழுத்து, வேரோட தோண்டி எரிக்கணும்.

புளியங்குடி வேலி:
சீந்தில் மருந்துக்கு ஆகுமே, ஒண்ணாவது விடலாமா?

கடையம் தோட்டம்:
வீட்டு வாசல்ல ஒண்ணு வைங்க, இலையைப் பார்த்துக்கிட்டே இருங்க. தோட்ட வேலியில வேண்டாம். ஆனா பக்கத்துத் தோட்டத்துல கொடி நின்னா அந்து பறந்து வரத்தான் செய்யும். அதனால கூடவே:

கொய்யாப் பழத்துக்கு, பையோட அடியில ஓட்டை போட்ட பாலித்தீன் பை கட்டுங்க. எலுமிச்சைக்கு அது கட்டுப்படியாகாது. மஞ்சளாக விடாம காயாவே பறிங்க. அந்தி நேரம் புகை போடலாம். புளிச்ச வெல்லப்பாகுல லிட்டருக்கு 1 மில்லி மாலத்தியான் பூச்சிமருந்து கலந்து, அகலத் தட்டுல ஊத்தி மரத்துல கட்டித் தொங்க விடுங்க. ஆடு, கோழி எட்டுற உயரத்துல வேண்டாம்.

உதிர்ந்த பழத்தை அன்னன்னைக்கே பொறுக்கிக் குழியில மூடுங்க. அந்த வாடைக்கு, துளைக்கத் தெரியாத மத்த அந்துகளும் வந்து மொய்க்கும்.