வெள்ளமும் புயலும் தாங்க வீட்டுத்திட்ட வீடுகளைத் திருத்துதல்: எதை முதலில் செய்வது?

கனகராயன்கரை கேட்டது:

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பக்கக் குடியிருப்பு ஒன்றில் 14 வீடுகள் திருத்த வேண்டியிருக்கு. எல்லாம் 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடுகள்: சீமெந்துக் கல் சுவர், பனங்கைமரம், ஓடு. வீட்டுக்குள் இரண்டரை அடி வெள்ளம் நின்றது. மூன்று வீட்டில் விறாந்தைக் கூரை பறந்துவிட்டது. இரண்டில் முகட்டுக்குக் கீழே இருக்கிற முக்கோணச் சுவர் சரிந்துவிட்டது. நான்கு வீடுகளை அடியிலிருந்து கட்ட வேண்டும். இருக்கிற காசு எல்லாவற்றுக்கும் காணாது. மேசன்மார் தூணைப் பெருப்பித்தால் போதும் என்கினம். சரியா? மாரிக்கு முன் எதை முடிக்க வேணும்?

முகட்டுவளை:

தூணைப் பெருப்பித்தால் மட்டும் கூரை நிற்காது. கூரையைக் காற்று மேலே தூக்குகிறது, கீழே அமுக்கவில்லை. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஓட்டிலிருந்து அத்திவாரம் வரை எது எதைப் பிடித்திருக்கு? பெரும்பாலான வீடுகளில் சலாகையை (ஓடு கிடக்கிற குறுக்குச் சட்டம்) கைமரத்தோடும் (கூரையின் சாய்வுமரம்), கைமரத்தைச் சுவர்வளையோடும் (சுவரின் மேல் கிடக்கிற மரம்) ஆணி பிடிக்குது. சுவர்வளை மட்டும் சுவரில் சும்மா கிடக்குது. அந்த இடத்தில்தான் எல்லாம் கழருது.

மேலிருந்து அடித்த ஆணி, காற்றுத் தூக்கும்போது அடித்த வழியாலேயே உருவிக்கொண்டு வரும். ஒரு அங்குல அகல நாகமுலாம் தகரப் பட்டியைக் கைமரத்துக்கு மேலால் வளைத்து, இரண்டு பக்கமும் சுவர்வளையின் பக்கவாட்டில் அடித்தால், ஆணி குறுக்கே நின்று தாங்கும். ஒவ்வொரு கைமரத்துக்கும் ஒரு பட்டி, நுனிக்கு நாலு ஆணி. பனைமரம் என்றால் முதலே துளைத்துவிட்டு அடியுங்கோ, இல்லாவிட்டால் வெடிக்கும்.

சுவர்வளையைச் சுவரோடு பிடிக்க, 6 மில்லிமீற்றர் கம்பியை வளைக்கு மேலால் போட்டு, சுவரின் இரு பக்கமும் 3 அடி கீழே இறக்கி, அங்கே சுவரைத் துளைத்து முறுக்குங்கோ. அப்போது 3 அடிச் சுவரின் நிறையும் கூரைக்குக் காவல். 4 அடிக்கு ஒன்று, மூலையிலிருந்து ஒரு அடிக்குள் ஒன்று. கம்பிக்கு மேல் சாந்து பூசுங்கோ, துருப்பிடிக்கக் கூடாது.

ஓட்டில் முதல் பறப்பது கீழ்வரிசையும் முகடும் ஓரமும். கீழ் இரண்டு வரிசையையும் ஓர வரிசைகளையும் ஓட்டின் அடிமூக்கில் இருக்கிற துளையால் கம்பி விட்டுச் சலாகையோடு கட்டுங்கோ. முகட்டோட்டைச் சாந்தில் பதியுங்கோ. விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாகப் போடாமல் தனியாகப் போட்டால், அது போனாலும் வீட்டுக்கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

2020 புரெவிப் புயலைத் தாங்கின கூரை என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். அது திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, பலங்குறைந்துதான் வன்னியைக் கடந்தது. 1964 டிசம்பர் புயலும் வன்னியைத் தாண்டித்தான் தனுஷ்கோடியை அழித்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. பட்டியும் கம்பியும் முழு வீட்டிலேயே மலிவான வேலை. நிற்கிற பத்து வீட்டுக்கும் இதை முதலில் முடியுங்கோ, புதிதாகக் கட்டுகிற நாலுக்கும் கூரை போடும்போதே செய்யுங்கோ.

கிறவல்மண்:

கட்டப்போகிற நாலு வீட்டையும் பற்றி. வீட்டின் பழைய நிலத்துக்கு (உள்தளத்துக்கு) மேல் இரண்டரை அடி நின்றதென்றால், புதிய நிலம் அதற்கும் ஒரு அடி மேல், அதாவது பழையதிலிருந்து மூன்றரை அடி உயர வேண்டும். பழைய அத்திவாரம் தரையிலிருந்து ஒன்றரை அடி என்றால் மொத்தம் 5 அடி. மூன்றரை அடிக்கு மட்டும் 550 சதுர அடியை நிரப்ப ஏறக்குறைய 19 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கிறவல் வேணும். அதுவும் இடித்து இறுகின அளவு. லோட்டில் வருவது இளக்கமாக இருக்கும், 24 கியூப் அளவில் கணக்குப் பாருங்கோ.

இவ்வளவு செலவழிக்க முன் வளவில் எந்த மூலை உயரம் என்று பாருங்கோ. தண்ணீர் நிரப்பின தெளிவான பிளாஸ்ரிக் குழாயே போதும். ஒரு நுனியைச் சுவரில் இருக்கிற வெள்ளக் கறையில் பிடித்து, மற்ற நுனியை வளவின் நாலு மூலையிலும் வைத்தால் எங்கே எத்தனை அடி நின்றதென்று தெரியும். முக்கால் ஏக்கர் வளவுக்குள் இரண்டடி வித்தியாசம் வருவது அதிசயமில்லை. பழைய அத்திவாரம் கிடக்கிறதே என்று அதே பள்ளத்தில் திரும்பக் கட்டுவதுதான் மிகப் பெரிய நட்டம்.

நிரப்பும்போது 6 அங்குலப் படையாகப் போட்டு, நனைத்து, இடித்து, அதன்பின் அடுத்த படை. ஒரே நாளில் கொட்டி மட்டம் பார்த்தால் அடுத்த மாரியில் நிலம் தாழ்ந்து சீமெந்து வெடிக்கும். வெளிமூலைகளில் வெள்ளம் சுழன்று மண்ணை அரிக்கும், அங்கே கருங்கல் பாவுங்கோ.

லின்ரலை (கதவு யன்னலுக்கு மேலால் போடுகிற கொங்கிறீற் பீம்) கதவு யன்னலுக்கு மட்டும் துண்டு துண்டாகப் போடாமல் வீட்டைச் சுற்றி ஒரே வளையமாக ஓட்டுங்கோ: உயரம் 6 அங்குலம், 10 மில்லிமீற்றர் கம்பி நாலு, அந்தக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற 6 மில்லிமீற்றர் வளையம் 6 அங்குலத்துக்கு ஒன்று, கலவை 1:2:4 (சீமெந்து, மணல், கல்). மூலையில் கம்பியை வெட்டி விடாமல் வளைத்து 20 அங்குலம் மேவவிட வேணும். மேசன்மார் சறுக்குவது அதில்தான். முக்கோணச் சுவர் சரிந்ததும் அதைப் பிடிக்க மேலே ஒன்றும் இல்லாததால்தான். நாலு பக்கமும் சரிவுள்ள கூரை போட்டால் அந்தச் சுவரே தேவையில்லை.

மன்னார் முருங்கன் பக்கம் இதை வாசிப்பவர்களுக்கு: உங்கள் கரிமண் மாரியில் பொங்கும், கோடையில் பிளக்கும். அதன்மேல் இந்த அத்திவாரம் அப்படியே சரிவராது. அந்த மண்ணை அகற்றி மணலோ கிறவலோ போட்டு, அத்திவாரத்துக்கு மேல் கம்பிப் பீமும் ஓட்ட வேணும்.

வான்பாயும்குளம்:

வீட்டைப் பற்றியே கதைக்கிறோம். தண்ணீர் ஏன் அங்கே இரண்டரை அடி நின்றது? இரணைமடுக் குளத்தின் வான்கதவு (கூடின தண்ணீரை வெளியே விடுகிற கதவு) திறந்தால் கனகராயன் ஆறு வழியாகக் கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் வரும், 2018 டிசம்பரில் பார்த்ததுதான். வருவதைத் தடுக்க முடியாது. வடிய விடாமல் வைத்திருப்பது பல இடங்களில் உயர்த்திப் போட்ட றோட்டு.

றோட்டின் இரு பக்கமும் வெள்ளக் கறையை அதே குழாயால் அளந்து பாருங்கோ. மேல்பக்கம் ஒரு அடி கூடுதலாக இருந்தால், றோட்டுக்குக் கீழால் தண்ணீர் போகிற மதகு காணாது. இரண்டு 2 அடி ஹியூம் பைப் (கொங்கிறீற் குழாய்) போட்டால் ஒரு 4 அடிப் பைப்புக்குச் சமம் என்று நினைப்பது பிழை, பாதிக்கும் குறையத்தான் போகும். சின்னப் பைப்பில் சல்வீனியா என்கிற நீர்க்களையும் மட்டையும் அடைத்துக்கொள்ளும், பெட்டி மதகு நல்லது. வெளிவாயில் கல் பாவாவிட்டால் குழி விழுந்து மதகே சரியும். அளவுகளை எழுதிப் பிரதேச சபைக்குக் கொடுங்கோ. "வெள்ளம் வந்தது" என்று மட்டும் எழுதின கடிதத்துக்கு வேலை நடக்காது.

சிறுகுளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கிற இடங்களில் இன்னொன்று. கூடத் தண்ணீர் சேர்க்கக் குளத்தின் வானில், அதாவது கூடின தண்ணீர் வழிகிற இடத்தில், மண்மூட்டை அடுக்குகிறார்கள். பெருமழையில் தண்ணீர் வானால் போகாமல் கட்டுக்கு மேலால் வழியும், கட்டு உடையும், கீழே இருக்கிற குளமும் உடையும். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதை ஐப்பசிக்கு முன் முடிவெடுத்து, மூட்டைகளை அகற்ற வேண்டும்.

கனகராயன்கரை:

நன்றி, கனக்க விளங்கிச்சு. மற்றப் பத்து வீட்டுக்கும் நிலம் உயர்த்த முடியாது. என்ன செய்யலாம்? முல்லைத்தீவுக் கடல்மணல் மலிவாக வருமாம், பாவிக்கலாமா?

கிறவல்மண்:

கடல்மணல் கம்பி இருக்கிற எதற்கும் வேண்டாம். உப்பு கம்பியைத் தின்னும், சில வருடத்தில் லின்ரல் வெடிக்கும்.

பத்து வீட்டுக்கும்: பிளக் பொயின்ருகளை 5 அடிக்கு உயர்த்துங்கோ. ஒரு அறையில் விதைநெல்லுக்கும் காணி உறுதிக்கும் கொங்கிறீற் பரண் ஒன்று. கிணற்றுக்கட்டை வெள்ளக் கறைக்கு மேல் உயர்த்துங்கோ, மலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையக் கூடாது. வெள்ளம் ஏறும்போது வாசலில் மூட்டை அடுக்கி முழுதாக மறிக்க வேண்டாம். வெளியே 3 அடியும் உள்ளே காய்ந்த நிலமும் என்றால் சீமெந்துக் கல் சுவர் உள்ளுக்குச் சரியும். ஆட்களை வெளியேற்றி, கரண்டை நிற்பாட்டி, கதவைத் திறந்து விடுங்கோ.

முகட்டுவளை:

காலத்தையும் பாருங்கோ. காலபோக (மாரி நெல்) அறுவடை முடிந்த கையோடு பட்டி வேலை. கிறவலும் கொங்கிறீற்றும் மே முதல் ஓகஸ்ட் வரை. புரட்டாதிக்குள் ஓடு ஏற வேணும். கொங்கிறீற்றை ஏழு நாளாவது சாக்குப் போட்டு நனைக்க வேணும், சித்திரை வைகாசி வெயிலில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.