உடைந்த டிஎன்ஏவைச் செல் ஒட்டுவதைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் எழுதுங்க

நொய்யல்கரை:
கோவையில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். ரத்த வெள்ளையணுக்களுக்கு ஒரு கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்து, டிஎன்ஏ அறுந்த இடத்தைப் புள்ளியாகக் காட்டும் காமா ஹெச்2ஏஎக்ஸ் ஸ்டெய்ன் போட்டுப் பார்த்தோம். கதிர் கொடுத்த அரை மணி நேரத்தில் எடுத்த ஸ்லைடில் ஒவ்வொரு உட்கருவிலும் பச்சைப் புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. டிஎன்ஏ அறுந்த இடத்துக்கு ஏடிஎம் என்சைம் வந்து பக்கத்து ஹிஸ்டோனில் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்) பாஸ்பேட்டை ஒட்டி அடையாளம் வைக்கிறது, வேலை முடிந்தால் அந்த அடையாளம் போய்விடும். 24 மணி நேர ஸ்லைடில் கிட்டத்தட்ட எல்லாமே போயிருந்தன, ஒரு செல்லில் மட்டும் ஓரமாக ரெண்டு புள்ளி, மற்றதைவிடப் பெரிசாக, அப்படியே நின்றது. ரத்தம் கொடுத்தது எங்கள் லேப் அண்ணன். பக்கத்தில் நின்று அவரும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

கோபிப் பொண்ணு:
அம்மாவுக்கு மார்பில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். தினமும் ரெண்டு கிரே, சனி ஞாயிறு கிடையாது. தோளுக்குக் கீழே மையில் போட்ட கோடு அழியக்கூடாது என்று அந்தப் பக்கம் தண்ணீரே படாமல் குளித்தார். ஒருநாள் மெஷின்காரரிடம், "ஏனுங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல வெச்சு உட்டா என்னங்க, தெனமும் பஸ் ஏறி வாரோம்" என்று கேட்டே விட்டார். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தி, "நல்ல செல்லுக்கு ஒட்டிக்க நேரம் வேணுமுங்கம்மா, கேன்சர் செல்லுக்கு அந்தளவுக்கு ஒட்டத் தெரியாது" என்றார். அம்மா கறுத்துப் போயிருந்த தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப இது ராத்திரியெல்லாம் வேலை செய்யுதாக்கும்" என்றார்.

ஊத்துக்குளிக்காரன்:
நொய்யல், ரெண்டு புள்ளிக்கு இவ்வளவு யோசனை வேண்டாங்க. 24 மணி நேரத்திலும் சிலது மிஞ்சத்தான் செய்யும். என் சித்திக்குச் சினைப்பையில் கேன்சர் வந்தது, டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ1 ஜீனில் மாற்றம் என்று ரிப்போர்ட், ஒலாபரிப் மாத்திரை எழுதினார்கள், அவ்வளவுதான் என் கதை. கோபிப் பொண்ணு, உங்கள் அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது? ஐம்பதுக்குள் என்றாலோ குடும்பத்தில் இன்னொருவருக்கு இருந்தாலோ ஜீன் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். முதலில் நோய் வந்தவருக்கு எடுக்க வேண்டும், அங்கே மாற்றம் கிடைத்தால் பிள்ளைகளுக்கு அதை மட்டும் தேடினால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மாற்றம் வர 50 சதவீத வாய்ப்பு. பசங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், அவர்களுக்கும் அது வரலாம், அவர்கள் வழியாகப் பேத்திக்கும் போகலாம். எடுப்பதற்கு முன்னால் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள், வெறும் பேப்பரை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

நொய்யல்கரை:
சிலது மிஞ்சும் என்பது சரிங்க. ஆனால் மறைந்ததெல்லாம் சரியாக ஒட்டியது என்று எப்படிச் சொல்வது? ஓய்வில் இருக்கும் வெள்ளையணு டிஎன்ஏவை நகல் எடுப்பதில்லை, பார்த்து எழுத இன்னொரு பிரதி பக்கத்தில் கிடையாது. அதனால் அறுந்த முனைகளை அப்படியே சேர்த்துவிடும், நாலைந்து டிஎன்ஏ எழுத்து போனாலும் போனதுதான். நகல் எடுக்கிற, எடுத்து முடித்த செல்லில்தான் பிஆர்சிஏ1 வந்து, முனையைச் சீவ விடாமல் காக்கும் 53பிபி1 புரதத்தை ஒதுக்கிவிட்டு, முனையைச் சீவி, பிரதியைப் பார்த்துச் சரிசெய்ய வழி விடுகிறது. எந்த வழியில் ஒட்டுவது என்பதே செல் அப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் சித்திக்கு அந்த மாத்திரையை எழுதியதும் இதனால்தான், அது தடுக்கிற பார்ப் டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் ஒரு என்சைம், அதைத் தடுத்தால் நகல் எடுக்கும்போது இழைகள் அறுகின்றன, பிஆர்சிஏ1 இல்லாத செல்லால் அதைப் பார்த்து எழுத முடிவதில்லை. மறைந்த புள்ளிகளைப் பற்றி நான் அண்ணனிடம் பேசவே இல்லை.

கோபிப் பொண்ணு:
ஊத்துக்குளி அண்ணா, டெஸ்ட் பற்றி நான் கேட்கலீங்க. அம்மாவுக்கு 44. சின்னம்மாவுக்கும் வந்திருக்கிறது. தம்பிக்கு இப்போதுதான் ஜாதகம் வெளியே கொடுத்திருக்கிறோம். மாத்திரை பற்றி மட்டும் சொல்லுங்கள், உங்கள் சித்திக்கு வாந்தி ரொம்ப இருந்ததா?