தண்டையார்பேட்டை பக்கம் பேச்சுப் பயிற்சி எங்கே நல்லா இருக்கு?

வணக்கம் மக்களே, ஒரு உதவி. என் தங்கை மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. தங்கையும் மாப்பிள்ளையும் விடியறதுக்குள் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போய்விடுவார்கள், பிள்ளை ஆயாவிடம்தான். ஆயாவுக்கோ முழங்கால் வலி, ஓடிப் பிடிக்க முடியாது, அதனால் இட்லி ஊட்ட போன்தான் துணை. இப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் பக்கத்து அறையில் போனில் யானைப் பாட்டு கேட்டால் ஓடி வருகிறான். பேசுவது 'ம்மா', 'தா' இரண்டே வார்த்தை.

இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்கள் அளவில் ஏறக்குறைய 80 சதவீதம் வளர்ந்துவிடுமாம். குழந்தை 'ங்கா' என்றதும் நாம் முகம் பார்த்துப் பதில் பேசுகிறோமே, அதில்தான் நரம்பு இணைப்புகள் பலப்படுகின்றன, போன் பதில் பேசாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது. ஆயாவிடம் சொன்னால், "உங்களை எல்லாம் நான் வளர்க்கலையா?" என்கிறார். அதுவும் சரிதான், அப்போது தெருவே எங்களோடு பேசியது.

முதலில் காது பரிசோதனை செய்யணும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு? தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பொறுமையான பேச்சுப் பயிற்சியாளர் யாராவது இருக்காங்களா? அப்புறம், போன் இல்லாமல் சோறு ஊட்டப் பழக்கியவர்கள் எப்படிச் செய்தீங்கன்னு சொல்லுங்க, ஆயாவுக்குப் படித்துக் காட்டணும்.