‘ரிசர்வோயர் ஹோஸ்ட்’: எலிக்கு ஒரு சொல் வேண்டும்

ஹட்டனிலிருந்து:
வணக்கம். தோட்டக் குடும்பங்களுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்குகிறேன்; திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வீட்டெலி, காட்டெலிகளில் இருக்கும் புரொட்டோசோவா (ஒருகல உயிர்) ஒட்டுண்ணிகள் பற்றியது. ‘ரிசர்வோயர் ஹோஸ்ட்’ என்ற இடத்தில் நிற்கிறேன். தொற்றை உடம்பில் வைத்திருக்கும், பார்த்தால் நோய் தெரியாது, அதனிடமிருந்து மற்ற உயிர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும் விலங்கு. ஹோஸ்டுக்கு, அதாவது ஒட்டுண்ணி தங்கும் உயிருக்கு, பாடநூலில் ‘விருந்துவழங்கி’ உண்டு. நீர்த்தேக்கத்தை நினைத்து ‘தேக்க விருந்துவழங்கி’ என்று எழுதினேன். வாசித்த மாணவி, “காசல்ரீ டேம் தண்ணியில வர்ற வருத்தமா டீச்சர்?” என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
டீச்சர், ‘நோய்க்காவி’ கைவசம் இருக்கிறதே. டெங்கு நுளம்பால் எல்லோருக்கும் பழகின சொல். காவுவது சுமப்பது, காவடியிலும் அதே ‘கா’தான்.

ஹட்டனிலிருந்து:
அண்ணா, நுளம்புக்குப் பொருந்துவது எலிக்குப் பொருந்தாது. திரிப்பனோசோமா லூவிசி என்ற ஒட்டுண்ணியை எடுங்கள். அது எலியின் இரத்தத்தில் இருக்கிறது. தெள்ளுப்பூச்சி கடிக்கும்போது தெள்ளுக்குப் போகிறது. இன்னோர் எலி தன் மயிரை நக்கும்போது அந்தத் தெள்ளையோ அதன் எச்சத்தையோ விழுங்கித் தொற்றிக்கொள்கிறது. காவுவது தெள்ளு, வைத்திருப்பது எலி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? அப்புறம், ‘காவு’ உங்கள் பக்கம் நாளாந்தச் சொல். எங்கள் மலையில் ‘தூக்கு’தான்.

பேராதனையிலிருந்து:
மகளுக்கு, முதலில் ‘விருந்துவழங்கி’யே எனக்கு உடன்பாடில்லை. விருந்து என்றால் புதுமை. தொல்காப்பியம் புதிய யாப்புக்கும் அதே பெயரைத்தான் வைத்தது. ஒட்டுண்ணியோ வந்த பிறகு போவதே இல்லை. தமிழ்நாட்டார் ‘ஓம்புயிரி’ என்கிறார்கள்; எலி அதை எங்கே ஓம்புகிறது? என் முன்மொழிவு ‘நோயூருணி’. ஊர் உண்ணும் நீர்நிலை ஊருணி, குறள் 215 இல் உள்ளதே. ஒட்டுண்ணி, கொறித்துண்ணி, ஊருணி மூன்றுக்கும் ‘உண்’ தான் வேர். இன்னொன்று: டொக்சோபிளாஸ்மா கொண்டி என்ற ஒட்டுண்ணிப் பெயரின் பின்பாதி, 1908 இல் தூனிசில் நிக்கோலும் மான்சோவும் அதைக் கண்ட வட ஆபிரிக்கக் கொறித்துண்ணியின் பெயரிலிருந்து வந்தது. முன்பாதி கிரேக்கத்து ‘டொக்சோன்’, அதாவது வில். உருவம் பிறைபோல வளைந்திருப்பதால். நம் மலைநாட்டு ஊரான ஒகியவின் பெயரிலும் ஓர் எலியினம் உண்டு, உலகில் இலங்கையில் மட்டுமே வாழ்வது. ‘வில்லுயிரி’ என்று அந்த ஒட்டுண்ணிக்கும் தமிழ்ப்பெயர் வைத்துவிடலாம்.

பதுளையிலிருந்து:
ஐயா, வள்ளுவர் ஊருணியைச் சொன்னது ஊருக்கு உதவுகிறவரின் செல்வத்துக்கு. அதை நோய்க்கு வைக்க மனம் வரவில்லை. லய வீடுகளில் பீலித் தண்ணி தெரியும், ஊருணி தெரியாது. சுருக்கமாகத் ‘தேக்குயிரி’ என்றால் என்ன?

நுவரெலியாவிலிருந்து:
தோட்டத்து ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் ‘தேக்குயிரி’ என்று வாசித்தால் தேக்கு மரம்தான் ஞாபகத்துக்கு வரும். நான் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணித் தாய்மாரிடம் இதைச் சொல்ல வேண்டியவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் எலியைப் பற்றிப் பேசினால் உடனே “எலிக்காய்ச்சலா மிஸ்?” என்கிறார்கள். அது பக்டீரியாவால் வருவது, வேறு. அடுத்த கேள்வி, “எலி நல்லாத்தானே ஓடுது, அதுக்கு என்ன நோய்?” நாம் தேடும் சொல் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். டொக்சோபிளாஸ்மா பூனையின் மலத்தோடு வெளியே வருகிறது. ஒன்று முதல் ஐந்து நாளில் தொற்றும் நிலைக்கு வந்து, ஈரமண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதைத் தின்ற எலியின் மூளையிலும் தசையிலும் சிறு கட்டிகளாகத் தங்கிவிடும். எலி ஓடும், சாப்பிடும். பூனை வாசனைக்கு இருந்த பயம் மட்டும் குறையும். பூனை பிடித்துத் தின்றால் மறுபடி முதலிலிருந்து. தாயிடமிருந்து குட்டிக்கும் போகலாம். கரட் பாத்தியில் வேலை செய்துவிட்டு, கை கழுவாமல் கரட்டைப் பிடுங்கிக் கடிக்கும் பெண்ணுக்கு இது புரிய வேண்டும்.

நான் பேசும்போது “வருத்தத்த அடக்கி வச்சிருக்கு” என்பேன். ஆனால் ‘நோயடக்கி’ என்றால் மருந்துபோல ஆகிவிடும். ‘தொற்றுத்தேக்கி’ சரியாக இருக்கும். மழைக்குக் குளம் நிரம்பி வான் பாய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவதையும் ‘வான்பாய்தல்’ என்றே சொல்லலாம்.

ஹட்டனிலிருந்து:
நான்கு பேர் ‘தொற்றுத்தேக்கி’க்குச் சம்மதம். ‘வருத்தம் காட்டாமல் தொற்றை வைத்திருக்கும் விலங்கு’ என்று பக்கத்திலேயே விளக்கமும் போடுகிறேன். புரொட்டோசோவா அப்படியே இருக்கட்டும். மிஸ், உங்கள் கரட் பாத்தியை முதல் பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

பேராதனையிலிருந்து:
தேங்குவது தன்வினை, தேக்குவது பிறவினை. அணை கட்டித் தேக்குகிறவன் மனிதன். எலி எதையும் தேக்கவில்லை. அதன் உடம்பில் தேங்குகிறது. என் வாக்கு ஊருணிக்கே.

ஹட்டனிலிருந்து:
ஐயா சொல்வது சரிதான். பிரதி காலையிலேயே அச்சகத்துக்குப் போய்விட்டது.