பானெட் வண்டியின் மேல் படுத்து வேலை செய்யும் உயரக் கிரீப்பர்: டெல்டாப் பட்டறைக்கு ஒத்துவருமா?

வெண்ணாற்றுக்கரை (நீடாமங்கலம்)

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்திற்கு அருகில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை பொலிரோ பிக்கப். அவற்றோடு, கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குக்கு நெல் ஏற்றும் பழைய டாடா எஸ்.இ. பானெட் லாரிகளும் (எஞ்சின் மூடி முன்னால் மூக்குப்போல் நீண்டிருப்பவை) சில உண்டு. இந்த லாரிகளின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் பின்பக்கச் சிலிண்டர்கள் கேபின் சுவரை ஒட்டி உள்ளடங்கியிருப்பதால், டேப்பெட் வைப்பதற்கோ (வால்வு இடைவெளியைச் சரிசெய்வதற்கோ), டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் குழாயைக் கழற்றுவதற்கோ பம்பரில் ஏறி நின்று, ரேடியேட்டர் சட்டத்தின் மேல் விலா எலும்பு அழுந்தக் குனிந்திருக்க வேண்டியிருக்கிறது. சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் தை, மாசி இரண்டு மாதமும் இதே நிலைதான். இரவில் நிமிர்ந்து படுக்க முடிவதில்லை.

நான்கு சக்கரமும் ஏணிப்படியும் வைத்து, மெத்தையிட்ட பலகையை எஞ்சினுக்கு மேலே நீட்டி, அதில் குப்புறப் படுத்தபடி வேலை செய்யும் டாப்சைடு கிரீப்பரைக் காணொளிகளில் பார்த்தேன். வாங்குவது நல்லதா, உள்ளூரிலேயே வெல்டிங் செய்துகொள்வது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பழைய ஸ்பேனர் (கும்பகோணம்)

தம்பி, முதலில் தரையைச் சொல்லுங்கள். பட்டறைக்குள் சிமெண்டுத் தளம் இருந்தாலும், லாரி பெரும்பாலும் வாசலுக்கு வெளியே மண்ணில்தான் நிற்கும். நம் பக்கத்துக் களிமண் மழைக்காலத்தில் குழைந்து, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பது. கடையில் விற்கும் கிரீப்பர்களின் சிறிய காஸ்டர் சக்கரங்கள் வழுவழுப்பான தளத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மண்ணில் ஒரு சக்கரம் மட்டும் புதைந்தாலும் மேலே படுத்திருப்பவர் பக்கவாட்டில் சாய்வார். ஆகவே லாரியின் மூக்கு வரும் இடத்தில் மட்டுமாவது கான்கிரீட் போடுங்கள். முடியாவிட்டால் தடித்த இரும்புத் தகடு இரண்டை விரித்து, அதன் மேல் நிறுத்துங்கள்.

இரண்டாவது, அடிச்சட்டம். பலகை எஞ்சினுக்கு மேலே நீள வேண்டுமானால், அடிக்கால்கள் வண்டியின் முன்பகுதிக்குக் கீழே நுழைந்தாக வேண்டும். பழைய டாடாவின் பம்பருக்குக் கீழே இடம் தாராளமாக இருக்கும். பிக்கப்பில் பம்பரும் அதன் கீழுள்ள தடுப்புத் தகடும் தாழ்வாக இருப்பதால், அளக்காமல் வாங்கினால் கால்கள் நுழையாமல், பலகை ரேடியேட்டர் வரைக்கும்தான் எட்டும். அப்புறம் அது விலையுயர்ந்த பெஞ்சு, அவ்வளவுதான். கேபினையே முன்னால் சாய்க்கும் லாரிகளுக்கு இந்தச் சாதனமே தேவையில்லை; அங்கே கேபின் தாங்கியின் பூட்டு முழுமையாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் உயிர் காக்கும் வேலை.

இரும்புக்கை (மன்னார்குடி)

நான் வெல்டிங் பட்டறைக்காரன் என்பதால், செய்துகொள்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கிரீப்பர்களில் பலவற்றுக்கு 400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 181 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் சட்டம் வளையாது என்பதற்குத்தான் உறுதி. கவிழாது என்பதற்கு அல்ல. கவிழ்வதைத் தீர்மானிப்பது, முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடும் கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் எடை நிற்கிறது என்பதுதான்.

170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் எடை மையம் உள்ளங்காலிலிருந்து ஏறத்தாழ 95 சென்டிமீட்டரில், தொப்புளை ஒட்டி இருக்கும். அவர் எடை 70 கிலோ, அந்த மையம் முன்சக்கரக் கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் சாய்க்கும் வலு. 70ஐ 20ஆல் பெருக்கினால் 1400. சட்டத்தின் எடை 35 கிலோ, அதன் மையம் 50 சென்டிமீட்டர் பின்னால் என்றால் 1750. இரண்டும் சேர்ந்து, பின்பக்கம் பிடித்து வைத்திருக்கும் வலு 3150. இப்போது அவர் முன்சக்கரக் கோட்டுக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் கையை நீட்டி 15 கிலோப் பொருளைத் தூக்கினால், முன்பக்கம் கவிழ்க்கும் வலு 1200தான், கவலையில்லை. ஆனால் எட்டவில்லை என்று பலகையில் இன்னும் 20 சென்டிமீட்டர் முன்னால் ஊர்ந்துவிட்டால், அவருடைய எடை மையம் சரியாகச் சக்கரக் கோட்டின் மேல் வந்துவிடுவதால், அவர் உடம்பு பிடித்து வைத்திருந்த 1400 முழுதும் போய்விடும். மிஞ்சுவது சட்டத்தின் 1750. எதிரே 15 கிலோவும் 100 சென்டிமீட்டரும் சேர்ந்து 1500. ஒரு வெட்டு வெட்டி இழுத்தாலே பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

பலரும் கவனிக்காத ஒன்று, ஸ்பேனரை மேல்நோக்கி இழுப்பதும் பாரம் தூக்குவதும் ஒன்றே என்பது. இறுகிய போல்ட்டை 30 கிலோ விசையுடன் மேலே இழுத்தால், போல்ட் அதே விசையில் உங்களைக் கீழே இழுக்கிறது. 80 சென்டிமீட்டரில் அது 2400, ஊர்ந்துபோன நிலையில் 3000. முதலாவதே எல்லையை நெருங்குகிறது, இரண்டாவது கவிழ்த்தேவிடும். ஆகையால் இறுகிய போல்ட்டையெல்லாம் தரையிலோ பம்பரிலோ நின்று இளக்கிவிட்டு, பிறகு கிரீப்பரில் ஏறுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பிடித்து டேப்பெட் வைப்பது, வயரிங் பார்ப்பது, ஹோஸ் கிளிப் மாட்டுவது, குழாய்க் கசிவு தேடுவது போன்ற, நேரம் பிடித்தாலும் வலு கேட்காத வேலைகளுக்கே அது ஏற்றது. சிலிண்டர் ஹெட்டைத் தூக்க செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) இருக்கிறது.

செய்வதென்றால், ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் 2 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் எடுங்கள். முன்சக்கரம், படுப்பவரின் இடுப்புக்கு நன்றாக முன்னால் வர வேண்டும். ஏணிப்படி பின்சக்கரக் கோட்டுக்கு வெளியே துருத்தக்கூடாது. துருத்தினால் ஏறும்போதே பின்பக்கம் சாயும். சக்கரம் 5 அங்குலம், நான்கிலும் பூட்டு. கடலோரப் பக்கம் என்றால் குழாயின் முனைகளைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். நாகப்பட்டினத்து உப்புக்காற்று உள்ளிருந்தே தின்றுவிடும்.

ஆடுதுறைக்காரன்

நல்ல கணக்கு. நான் மட்டும் இரண்டு வார்த்தை சேர்க்கிறேன். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழாகத் தொங்கும் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் சாப்பிட்டவுடன் ஏற வேண்டாம். அவ்வப்போது இறங்கி நிமிர்ந்து நில்லுங்கள்.

லுங்கி, தோளில் துண்டு, மணிக்கட்டில் கோயில் கயிறு, கழுத்தில் சங்கிலி, இவை எதுவும் கூடாது. குப்புறப் படுத்திருக்கும்போது சங்கிலி தொங்குவது பேட்டரி முனைக்கும் ஃபேன் பெல்ட்டுக்கும் நேராகத்தான். சில புதிய வண்டிகளில், சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலக்கூடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றாமல் எதையும் தொடாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு மேலே படுத்துச் சத்தம் கேட்கிறேன் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். அறுவடைக் காலத்தில் வயலுக்குள் போய்வந்த வண்டி என்றால், முதலில் மேனிஃபோல்டு (சூடான புகை வெளியேறும் குழாய்) பக்கம் ஒட்டியிருக்கும் வைக்கோல் தூசியைக் காற்றடித்துத் தள்ளுங்கள். டீசல் சொட்டும் இடத்தில் சூடும் வைக்கோலும் சேர்ந்தால், படுத்திருப்பவர் எழுந்து இறங்குவதற்கு நேரம் இருக்காது.

என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து நடுவில் தேக்குப் பலகை போட்டுக்கொள்வதே நமக்குப் போதும். ஆனால் காலம் மாறுகிறது, சரி.

வெண்ணாற்றுக்கரை (நீடாமங்கலம்)

மூவருக்கும் மிக்க நன்றி. கும்பகோணம் ஐயா சொன்னபடி அளந்து பார்த்தேன். லாரியில் அடிக்கால் தாராளமாக நுழைகிறது, பிக்கப்பில் நுழையவில்லை. எனவே லாரிக்கு மட்டும் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: மன்னார்குடி அண்ணன் சொன்ன கவிழும் ஆபத்தைக் குறைக்க, பலகையின் முன்பக்கத்தை ரேடியேட்டர் சட்டத்தின் மேல் தாங்கவிடலாமா?

இரும்புக்கை (மன்னார்குடி)

ரேடியேட்டர் சட்டம் மெல்லிய தகடு. அதன் மேல் ஆள் எடையை வைத்தால் வளைந்து, ரேடியேட்டர் ஃபேன் பக்கம் சாயும். அதற்குப் பதிலாக, பலகையின் அடியில் மடக்கக்கூடிய முட்டுக்கால் இரண்டு வைத்து, அவற்றை முன் பம்பரின் மேல் ஊன்றுங்கள். பழைய டாடாவின் பம்பர் சேஸிஸோடு போல்ட் போட்ட கனமான இரும்பு என்பதால் தாங்கும். ஆனாலும் முதலில் அந்தப் போல்ட்டுகள் துருப்பிடித்து இளகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முட்டின் அடியில் ரப்பர் வைத்தால் வழுக்காது. முட்டுக்கால் ஊன்றிய பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றவோ இறக்கவோ கூடாது, ஏனென்றால் பம்பர் உயர்ந்தால் அது பலகையையும் சேர்த்து முன்னாலிருந்து தூக்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கும் போட்டுவிட்டுப் பிறகு ஏறுங்கள். பிக்கப்புக்கு, பக்கவாட்டில் ஃபெண்டர் ஓரமாக நிற்க ஓர் அடி உயரத்தில் அகலமான படி ஒன்று செய்துகொண்டால் போதும். குழாய் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளிலேயே அது வந்துவிடும்.